பதினோரு வீட்டுச் சாட்சி

ரேஷன் கடைக்கு வழி கேட்கிறீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் முனையில் பூக்காரியிடம் ஒரு தடவை கேட்டீர்கள், சைக்கிள் கடையில் ஒரு தடவை கேட்டீர்கள், எதிர்வீட்டு டீச்சரம்மாவிடமும் கேட்டீர்கள். இப்போது என்னிடம். ரேஷன் கடை போர்டு உங்கள் தலைக்கு மேலேயே தொங்குகிறது. கையில் பையும் இல்லை, கார்டும் இல்லை. உள்ளே வந்து உட்காருங்கள். வெயில் கொளுத்துகிறது.

பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அம்பாசமுத்திரம்தானே? நினைத்தேன். பையனுக்கு நீங்கள் என்ன உறவு? சித்தப்பாவா. சரிதான். அப்பாவை அனுப்பக் கூடாது. சித்தப்பா, தாய்மாமன், அத்தான், இப்படித்தான் போக வேண்டும். எனக்குத் தெரியும். எங்கள் சொந்தத்தில் யாருக்கு வரன் வந்தாலும் முதலில் ஜாதகம், அடுத்தது நான். என் பெயர் உலகநாதன். மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுக்கிறேன். இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விசாலினிக்குத் தாய்மாமன். அவள் அம்மா ஆவுடையம்மாள் என் கூடப் பிறந்த அக்கா. அதோ, நான்காவது வீடு. பின்னால் இது தெரியவந்து, மாமன்தானே, நல்லதைத்தான் சொல்லியிருப்பான் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. விசாரணையில் எனக்கு நேர்மை முக்கியம்.

உங்கள் மனசில் என்ன ஓடுகிறது என்றும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவுக்கு ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். வீடு வீடாகப் போய், "நான்தான் பொண்ணு. மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்க வந்திருக்கேன்" என்றாள். உங்கள் அண்ணி வீட்டு வாசலுக்கே வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். உங்கள் அண்ணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. இது என்ன பெண், கூச்சநாச்சம் இல்லாமல் தானே கிளம்பி வருகிறது, வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா என்று கேட்டிருப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டு வரத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் கொண்டுபோகிற வார்த்தையில் இந்த வரன் நிற்கும், இல்லாவிட்டால் போகும். அவளுக்கு இருபத்தெட்டு முடியப் போகிறது. அதனால் நான் நிதானமாகச் சொல்கிறேன். நீங்களும் நிதானமாகக் கேளுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறோம். நான் இருக்கிறேன். அவள் தானே கிளம்பியதற்குக் காரணமும் நான்தான். நான் என்றால், நான் செய்த ஒரு விசாரணை.

போன வருஷம் சித்திரையில் கோவில்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ஜெயகணேஷ். நல்ல குடும்பம், ஜாதகம் ஒன்பது பொருத்தம். வேலை என்ன என்று கேட்டதற்குச் சொந்தத் தொழில் என்றார்கள். என்ன தொழில்? ஒருவர் மூன்று பேரைச் சேர்க்க வேண்டும், அந்த மூன்று பேர் ஆளுக்கு மூன்று பேரைச் சேர்க்க வேண்டும், எல்லாரும் மாசாமாசம் கம்பெனிப் பொருள் வாங்க வேண்டும். அந்தத் தொழில்தான். கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள்.

அக்கா என்னைக் கூப்பிட்டு, "ஏ உலகு, இது முறையான தொழில்தானா, இல்ல ஏமாத்துற கூட்டமான்னு எனக்கு வெளங்கல. உங்க அத்தான் இருந்தா அவுக பார்த்துக்கிடுவாக. நீ போய்ப் பார்த்துட்டு வா. நீ சொன்னா நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்" என்றாள். அப்படிச் சொன்னாள். என் அக்கா அப்படி யாரிடமும் சொல்ல மாட்டாள்.

என் விசாரணைக்கு ஒரு முறை உண்டு. நான் உங்களைப்போல ரேஷன் கடை கேட்பதில்லை. தோளில் ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு, கையில் நோட்டை வைத்துக்கொண்டு, "மீட்டர்!" என்று குரல் கொடுத்து உள்ளே போய்விடுவேன். இந்த நாட்டில் மீட்டர்காரனை யாரும் யார் என்று கேட்பதில்லை. நாயை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். மீட்டருக்குக் கீழே வெள்ளை அட்டை தொங்கும். இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை எத்தனை யூனிட் ஓடியது என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பார்த்தாலே அந்த வீட்டுக் கதை தெரிந்துவிடும். குழந்தை பிறந்தது, மகன் வேலைக்குப் போனது, பெரியவர் படுத்தது, எல்லாம் யூனிட்டில் தெரியும்.

இதில் ஒரு தவறு இருக்கிறது. நான் மறைக்க மாட்டேன். கோவில்பட்டி என் செக்‌ஷன் இல்லை. என் எல்லைக்குள் இல்லாத மீட்டரை நான் பார்த்தது சரியா? லீவு போட்டிருந்த நாளில் ஆபீஸ் பையை மாட்டியது சரியா? இதைப் பற்றி நான் இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். சில நாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே இதை யோசித்து உட்கார்ந்துவிடுவேன். என் மனைவி, "என்ன, சாம்பார்ல உப்பு இல்லையா?" என்பாள். மனசாட்சி உள்ள மனுஷனுக்கு அப்படித்தான்.

அந்தத் தெருவில் பதினோரு வீடு. பதினோரு வீட்டிலும் விசாரித்தேன். இரண்டு மூன்று வீட்டோடு திரும்புகிற ஆள் இல்லை நான்.

முதல் வீட்டில் ஒரு அம்மாள். மீட்டரைக் குறித்துக்கொண்டே, "இங்க ஜெயகணேஷ்னு ஒரு தம்பி..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. "ஜெயகணேஷா? எங்க வீட்டுப் பிள்ளை மாதிரில்லா! தங்கம்னா தங்கம். அவருக்கு ஒரு நல்லது நடந்தா நாங்களும் நல்லா இருப்போம்" என்றாள். பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரி. இந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பையன் நன்றாக இருந்தால் நாமும் நன்றாக இருப்போம் என்று யார் சொல்கிறார்கள்?

இரண்டாவது வீட்டில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். "அவரு எனக்கு மேல இருக்கிறவரு" என்றார். அறுபத்தைந்து வயது வாத்தியார், முப்பது வயதுப் பையனைத் தனக்கு மேலே இருக்கிறவர் என்கிறார். அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாவது வீட்டில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் ஒரு பச்சை டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். சத்துத் தூளாம். வேண்டாம் என்றால் பேச்சு நின்றுவிடுமே என்று ஒன்று வாங்கினேன். அந்த அம்மாள் ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது. நான் அதை விருந்தோம்பல் என்று குறித்துக்கொண்டேன்.

இப்படியே பதினோரு வீடு. ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லவில்லை. முப்பது வருஷத்தில் எத்தனையோ வரன் விசாரித்திருக்கிறேன். எவ்வளவு நல்ல பையனுக்கும் தெருவில் ஒருத்தராவது, "பையன் பரவால்ல, அவங்க அம்மாதான் கொஞ்சம்..." என்று இழுப்பார்கள். இங்கே அந்த இழுப்பே இல்லை. டீக்கடைக்காரர் சொன்னார், "அண்ணாச்சி, அவருக்குச் சீக்கிரம் கல்யாணத்த முடிச்சு இந்த ஊர்லயே இருக்க வச்சிருங்க. அவரு எங்கயும் போயிரக் கூடாது." எந்த ஊரில் ஒரு பையனை இப்படிப் போகக் கூடாது என்று பிடித்து வைப்பார்கள்? எல்லா வீட்டு அலமாரியிலும் அதே பச்சை டப்பா வேறு. அடுக்கடுக்காக. தெருவே ஒற்றுமையாக ஒரே சாமானை வாங்குகிறது என்று நினைத்தேன்.

மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் என் துறை. பத்து வீட்டு அட்டையிலும் ஒன்றைக் கவனித்தேன். முந்தின வருஷம் முந்நூறு, முந்நூற்றைம்பது யூனிட் ஓடிய வீடுகள் எல்லாம் நூற்றைம்பதுக்கு வந்திருந்தன. மெள்ள மெள்ள, ஒவ்வொரு கணக்குக்கும் இறங்கி. மீட்டரில் கோளாறு என்றால் ஒரு வீட்டில் இருக்கும், பத்து வீட்டிலும் இருக்காது. ஆகவே இது சிக்கனம். அந்தப் பையனோடு பழகியதும் ஜனங்களுக்குச் சிக்கனம் வந்துவிட்டது. அப்படித்தான் நோட்டில் எழுதினேன். பதினோராவது வீடு பையனுடையது. அங்கே மட்டும் யூனிட் ஏறியிருந்தது. மாடியில் ஏ.சி. போட்ட கூட்ட அறை. அது வளர்ச்சி. அதையும் எழுதினேன்.

யூனிட்டைக் குறித்துவிட்டு நிமிர்ந்தால் ஜெயகணேஷே எதிரில் நிற்கிறார். வெள்ளை முழுக்கைச் சட்டை, இஸ்திரி கலையாமல். "வாங்க மாமா" என்றார். நான் யார் என்று நான் சொல்லவே இல்லை. முகத்தைப் பார்த்தே பெரிய மனுஷன் என்று கண்டுகொண்டார்.

விசாலினி பிற்பாடு இதற்கு வேறு விளக்கம் சொன்னாள். அந்தத் தெருவுக்கு உண்மையான மீட்டர்காரர் நான்கு நாள் முன்னால்தான் வந்துவிட்டுப் போயிருந்தாராம். நான் முதல் வீட்டுப் படி இறங்கும் முன்பே பையனுக்கு போன் போய்விட்டதாம். பொண்ணு வீட்டு ஆள் மீட்டர் பையோடு வருகிறார் என்று அடுத்தடுத்த வீட்டுக்குச் சொல்லிவிட்டார்களாம். அதை நான் நம்பவில்லை. முப்பது வருஷத்தில் என்னை யாரும் கண்டுபிடித்ததில்லை.

மாடிக்குக் கூட்டிப்போனார். பலகையில் வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குக் கீழே மூன்று வட்டம் போட்டு விளக்கினார். நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நேருக்கு நேராகவே கேட்டேன். "தம்பி, இது முறையான தொழில்தானா?"

அவர் மார்க்கரை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்ல கேள்வி மாமா. இத்தனை வருஷத்துல இவ்வளவு ஆழமா யாரும் கேட்டதில்ல."

அப்புறம் ஒரு ஃபைலை எடுத்தார். பதிவுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி., கமிஷனில் வரி பிடித்த தாள், கண்ணாடி போட்ட தலைமை அலுவலகத்தின் போட்டோ. "ஏமாத்துத் தொழில்னா கவர்மெண்ட் வரி வாங்குமா மாமா?" என்றார். நியாயம்தான் என்று தலையாட்டினேன். அப்புறம், "மேல ஒருத்தர் கீழ மூணு பேருன்னா தப்பா? உங்க ஆபீஸ்ல எப்படி? மேல ஒரு எஞ்சினியர், கீழ மூணு பேரு, அதுக்குக் கீழ முப்பது பேரு. எல்லா இடமும் இப்படித்தான மாமா?" என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. ஆபீஸில் நான் எப்போதும் கீழேதான் இருந்திருக்கிறேன். எனக்குக் கீழே ஒரு வட்டம்கூட யாரும் வரைந்ததில்லை. அந்தப் பலகையில் அவர் என் பெயரை எழுதி, கீழே மூன்று கோடு இழுத்தபோது, அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேர்ந்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். விசாரணைக்காகத்தான் சேர்ந்தேன். லோடு போடாமல் மீட்டரைச் சோதிக்க முடியாது, இது எங்கள் துறையில் பாலபாடம். வெளியில் நின்று ஒரு தொழிலை எப்படி எடைபோடுவது? விசாலினி, "மாமா, நீங்க விலை போயிட்டீங்க" என்றாள். அந்த வார்த்தை இன்னும் வலிக்கிறது. நான் யோசித்துப் பார்த்தேன். விலை போவது என்றால் காசு வாங்க வேண்டும். நான் கொடுத்தல்லவா சேர்ந்தேன்! காசு கொடுத்துவிட்டு ஒருத்தன் எப்படி விலை போக முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

ஊருக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "பையன் தங்கம். தொழில் முறையானது. பதினோரு வீட்டில் விசாரித்துவிட்டேன், நானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன்." அக்கா சாமி படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆவணியில் நிச்சயம் என்று பேச்சானது.

சேர்ந்தவுடன் நூறு பேர் பெயர் எழுதச் சொல்வார்கள். தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள். முதல் பெயர் யாருடையது வரும்? நீங்கள் எழுதினாலும் கூடப் பிறந்தவர் பெயர்தான் வரும். அக்காவை நான் வற்புறுத்தவில்லை. "மருமகன் தொழில்தான, நம்ம பங்குக்கு நாமளும் கை குடுக்கணும்லா" என்று அவளாகத்தான் சொன்னாள். அவளுக்கு வருகிறது அத்தானுடைய குடும்ப பென்ஷன் ஒன்றுதான். ஆனால் மனசு பெரியது.

அப்போது விசாலினி மதுரையில் ஒரு லேபில் வேலை பார்த்தாள். ரத்தம் எடுத்துப் பரிசோதனை செய்கிற வேலை. மாசத்துக்கு ஒரு தடவை வருவாள். அந்த ஆடியில் வந்தவள், மத்தியானம் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறாள். உள்ளே குளிர்ச்சி இல்லை, விளக்கு எரியவில்லை. தட்டுத் தட்டாகப் பச்சை டப்பா. அக்கா அதை அலமாரியாக்கி வைத்திருந்தாள்.

"ஃபிரிட்ஜ் ரிப்பேராம்மா?"

"ரிப்பேர் எல்லாம் இல்லட்டி. நாந்தான் அமத்திப் போட்டேன். ஒத்தப் பொம்பளைக்கு எதுக்கு ஃபிரிட்ஜு? கரண்டுக் காசு மிச்சம். மாசக் கடைசியில டப்பா எடுக்கணும்லா."

விசாலினி அழவில்லை, கத்தவில்லை. நேரே இங்கே வந்தாள். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள். "மாமா, அந்தக் கோவில்பட்டி நோட்டைக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன், பதினோரு வீட்டுக் குறிப்பும் சுத்தமாக இருந்தது. அவள் ஒவ்வொரு வீட்டு யூனிட்டாக விரலை வைத்துப் பார்த்தாள்.

"சிக்கனம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"மாமா, இது சிக்கனம் இல்ல. பத்து வீட்டுலயும் ஃபிரிட்ஜை அமத்திட்டாங்க."

நான், "யூனிட் விஷயம் எனக்குத் தெரியாதா?" என்றேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினாள். தனியாக. ஒரு பை இல்லை, ஒரு வேஷம் இல்லை. முதல் வீட்டு வாசலில் நின்று, "நான் ஜெயகணேஷுக்குப் பார்த்திருக்கிற பொண்ணு" என்றிருக்கிறாள். விசாரணையின் அரிச்சுவடியே தெரியாத பெண். அப்படிச் சொன்னால் யாராவது உண்மையைச் சொல்வார்களா?

சொன்னார்கள். அதுதான் எனக்குப் புரியவில்லை. எனக்குத் தங்கம் என்று சொன்ன அதே அம்மாள், இவளை அடுக்களைக்குக் கூட்டிப்போய், அணைத்துப் போட்ட ஃபிரிட்ஜைத் திறந்து காட்டியிருக்கிறாள். "நீயாவது அவருட்ட சொல்லு தாயி. எனக்குக் கீழ ஒரு ஆளும் சேர மாட்டேங்குது. நான் மேல சொன்னா, முயற்சி பத்தலம்மாங்காரு." வாத்தியார், "வெளிய சொல்லிராதம்மா, என் மகளுக்கே தெரியாது" என்றிருக்கிறார். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள். "இதுல சேராத ஆளு யாராவது, கடையில சோப்பு வாங்குற மாதிரி, ஒரு டப்பா விலை குடுத்து வாங்கியிருக்காங்களா?" பத்து வீட்டிலும் இல்லை என்றார்களாம். வாங்கியவர்கள் எல்லாம் சேர்ந்தவர்கள், சேர்ந்தவர்கள் எல்லாம் வாங்கியவர்கள்.

அப்புறம் மாடி ஏறிப் பையனிடமும் அதே கேள்வி. "ஒரே ஒரு பேரு சொல்லுங்க. போதும்." அவர் ஃபைலை எடுத்தாராம். "ஃபைல் வேண்டாம், பேரு" என்றாளாம். அவர், விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார். நல்ல பையன், பாருங்கள், வாயில் வந்ததைச் சொல்லவில்லை. நிஜமாகவே தேடியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அவளுக்கு போன் பண்ணி, "கிடைச்சிருச்சு. எங்க தெரு மூணாவது வீட்டுல ஒருத்தர் வெளியாளா வந்து ஒரு டப்பா வாங்கியிருக்காரு" என்றார்.

"யாரு?"

"உங்க மாமா."

இவள் சொன்னாள், "அவரும் அன்னைக்குச் சாயங்காலமே சேர்ந்துட்டாரே."

அவர் போனை வைத்துவிட்டாராம்.

அதோடு அந்த வரன் போயிற்று. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அக்கா மூன்று நாள் படுத்துவிட்டாள். நான்தான் போய்ச் சண்டை போட்டேன். "உனக்கு என் வார்த்தை பெரிசில்லையா? கவர்மெண்ட்டே வரி வாங்குகிற தொழிலை நீ யார் குறை சொல்ல? எங்கள் ஆபீஸிலும்தான் மேலே ஒருத்தர் கீழே முப்பது பேர்" என்று கேட்டேன்.

அவள் அமைதியாகச் சொன்னாள். "மாமா, உங்க ஆபீஸ்ல கரண்ட்டை ஊருக்கு விக்கிறாங்க. லைன்மேன், மீட்டர் ரீடர், எஞ்சினியர், இவங்க மட்டுமே கரண்ட் வாங்கி, இவங்க மட்டுமே பில் கட்டி, அந்தக் காசுலயே இவங்களுக்குச் சம்பளம்னா எத்தனை மாசம் லைட் எரியும்?"

பதில் சொல்ல ஒரு வாரம் யோசித்தேன். அதற்குள் அவள் மதுரைக்குப் போய்விட்டாள். இப்போதும் யோசிக்கிறேன். தெருவில் கணக்கு எடுத்துக்கொண்டு போகும்போது யோசிக்கிறேன். சில நாள் ஒரு வீட்டு யூனிட்டை அடுத்த வீட்டில் எழுதிவிடுகிறேன்.

ஜெயகணேஷ் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "மாமா, கல்யாணம் நின்னா நிக்கட்டும். நீங்க டீமை விட்டுப் போயிராதீங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. எவ்வளவு பெருந்தன்மை! பெண் கொடுக்காத வீட்டு ஆளை எந்த மாப்பிள்ளை இப்படிப் பிடித்து வைத்துக்கொள்வார்?

இப்போது விசாலினி மதுரை வேலையை விட்டுவிட்டு, இங்கேயே ரயில் ஜங்ஷன் பக்கம் ஒரு லேபில் சேர்ந்திருக்கிறாள். சம்பளம் குறைவு. அம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறாள். அக்கா வீட்டு டப்பாவை எல்லாம் அட்டைப் பெட்டியில் கட்டி, கம்பெனிக்கே திருப்பி அனுப்பினாள். உறைகூடப் பிரிக்காத டப்பாக்கள். எத்தனை கடிதம் போட்டாளோ, பாதி விலை வந்தது. ஃபிரிட்ஜ் ஓடுகிறது.

அதற்கப்புறம்தான் உங்கள் வரன் வந்தது. என்னிடம் யாரும் போய் விசாரித்து வா என்று சொல்லவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள். இவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எனக்குத் தெரிந்ததே அவள் திரும்பி வந்த பிறகுதான். முப்பது வருஷம் இந்தக் குடும்பத்துக்கு விசாரித்தவன் நான். என் வருத்தத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நான் பேசிக்கொண்டே போகிறேன். நீங்கள் பெண்ணைப் பற்றிக் கேட்கத்தான் வந்தீர்கள். என்ன சொல்வது? கெட்ட பெண் இல்லை. வாய்த்துடுக்கு இல்லை, சத்தம் போட மாட்டாள். ஆனால் நீங்கள் ஒன்றைச் சொன்னால் அவள் அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். பையன் உத்தியோகம் பார்க்கிறானா, பார்ப்பாள். வீட்டின் மேல் கடன் இல்லையா, பார்ப்பாள். உங்கள் அண்ணி ஒரு நாள் தலைவலி என்று படுத்தால் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியோடு வந்து நிற்பாள். ஒளிக்க ஏதாவது இருக்கிற வீடு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். இதை நான் குறையாகச் சொல்கிறேனா, நிறையாகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

என்ன கேட்டீர்கள்?

நான் இன்னும் அந்தக் கம்பெனியில் இருக்கிறேனா என்றா?

அது... அதற்கும் பெண்ணுக்கும் சம்பந்தமில்லை. அது வேறு. தொழிலைப் பற்றிய என் விசாரணை இன்னும் முடியவில்லை. முடிவு தெரியாமல் பாதியில் ஒரு கோப்பை மூடக் கூடாது. இன்னும் எனக்குக் கீழே ஒருத்தர் வந்தால்... பாருங்கள், உங்களிடம் நான் அந்தப் பேச்சை எடுத்தேனா? ஒரு டப்பா நீட்டினேனா? இல்லை. வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன். அம்பாசமுத்திரத்துக்காரர், நல்ல பழக்கவழக்கம் உள்ளவர், மூன்று கோடு தாராளமாக இழுக்கலாம். ஆனால் எடுக்கவில்லை. அக்கா மகள் வரன் விஷயம்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். இருக்கிறேன். மாசாமாசம் இரண்டு டப்பா எடுக்கிறேன். என் மனைவிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தால் பிழைப்பே நாறிவிடும். மாமன் இன்னும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான் என்று உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். ஆனால் அதை என் பேரில் எழுதுங்கள். அவள் பேரில் எழுதாதீர்கள். ஒரு வீட்டு யூனிட்டை இன்னொரு வீட்டு அட்டையில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் அந்த வீட்டுக்காரர் கட்டிக்கொண்டே இருப்பார், ஏன் என்றே தெரியாமல்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முப்பது வருஷமாக ஆட்களின் முகத்தைப் பார்த்து எடை போட்டவன் நான். இப்போதெல்லாம் அது சரியாக வருவதில்லை.

இருங்கள், எழுந்துவிடாதீர்கள். அதோ ஸ்கூட்டி வருகிறது பாருங்கள், ஹெல்மெட் போட்டிருக்கிறதே, அதுதான் விசாலினி. சனிக்கிழமை அரை நாள்தான் அவளுக்கு. ஏ, விசாலி! இங்க வா. அம்பாசமுத்திரத்துல இருந்து வந்திருக்காக, மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவாம். உன்னைப் பத்திக் கேக்கணுமாம். நீயே சொல்லு.

வண்டியை நிறுத்துகிறாள். இன்னும் என்னவெல்லாம் கேட்க வேண்டுமோ அவளிடமே கேளுங்கள். நான் உள்ளே போகிறேன். இங்கே இருந்தால் நான்தான் பேசுவேன்.